மறுமொழி: குறைமாதப் பிள்ளையின் ‘நெருக்கீடு’ – ‘உலைவு’ எனலாமா?

அன்பின் குழுமத்தாருக்கு,

குறைமாதப் பிள்ளை பெற்ற வன்னித் தாய்மாருக்கான துண்டுப்பிரசுரத்தில், பிள்ளை படும் ‘stress’ஐ எந்தச் சொல்லால் எழுதுவது என்பது கேள்வி. ‘நெருக்கீடு’ வேண்டாம் என்பேன். நல்ல சொல், இலங்கை உளவளத்துறையில் ஊன்றிவிட்ட சொல். ஆனால் போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் அதைக் கேட்டது உளவளத்துணையாளர்களின் வாயில்தான். ‘பிள்ளைக்கு நெருக்கீடு’ என்றால், தன் கவலைதான் பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று தாய் எடுத்துக்கொள்வாள். ‘மனஅழுத்தம்’ இன்னும் மோசம். 28 கிழமைக் கர்ப்பத்தில் பிறந்த பிள்ளையிடம் மனத்தைத் தேட வைக்கும்.

‘உலைவு’ என்று முன்மொழிகிறேன். ‘அலைஞ்சு உலைஞ்சு வந்தவன்’, ‘பிள்ளையை உலைக்காதை’ என்று நாங்கள் பேசுவதுதானே. வெளியிலிருந்து வரும் தொந்தரவும், அதனால் உடம்பு களைத்துப்போவதும் அதற்குள் இருக்கு. ஆசுப்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் விடுதியில் நடப்பதும் அதுவே: சத்தம், வெளிச்சம், ஓயாத தொடுகை. உடனே இதயத்துடிப்பு மாறும், ஒட்சிசன் விழும், நித்திரை முறியும். மூளையின் மடிப்புகள் விரைவாக உருவாகும் மாதங்களில், நித்திரை முறிவது சின்ன விஷயமில்லை.

இதிலிருந்து ‘உலைவுக்குறி’ வரும்: விரல்களை விரித்து நீட்டுதல், முதுகை வில்லாக வளைத்தல், நிறம் மாறல், விக்கல், அடுத்தடுத்துக் கொட்டாவி. கண்டால் கையை நிறுத்தவேண்டும்.

மற்றச் சொல் ‘கைக்கூடு’. கையைக் கழுவிச் சூடாக்கி, ஒரு கையால் தலையை ஏந்தி, மற்றக் கையால் கால்களை மடக்கி வயிற்றோடு அணைத்து அசையாமல் பிடிப்பது. தடவக்கூடாது, இந்த வயதுத் தோலுக்குத் தடவலே உலைவு. பிள்ளை அமைதியானபின் ஒவ்வொரு கையாக மெல்ல எடுக்கவேண்டும். வெடுக்கென்று எடுத்தால் பிள்ளை திடுக்கிட்டு, பட்ட பாடெல்லாம் வீண். துவாயைச் சும்மாடுபோலச் சுருட்டி, கால் உதைக்க ஒரு விளிம்பு வைத்துச் சுற்றிப் போடுவது ‘துணிக்கூடு’.

—

அக்கா,

‘உலைவு’க்கு நானும் சம்மதம். தனிச்சொல்லாக நின்றால் சோற்றுலை நினைவுக்கு வரலாம். ‘பிள்ளை உலையும்’, ‘உலைக்காதேங்கோ’ என்று வினையாக எழுதினால் அந்தக் குழப்பம் இராது.

ஆனால் நோவை உலைவுக்குள் அடக்கவேண்டாம். குதிக்காலில் ஊசி குத்துவது நோவு. அதற்குத் தனி வழி உண்டு: குத்த இரண்டு நிமிடத்துக்கு முன் நாக்கில் சில துளி தாய்ப்பால், கூடவே கைக்கூடு. சேர்த்துவிட்டால் ‘சத்தத்தைக் குறைத்தோம், போதும்’ என்று நின்றுவிடுவார்கள்.

பிள்ளைக்கான பராமரிப்பு வேலைகளை ஒன்றுசேர்த்துச் செய்வதற்கு (cluster care) அகராதிக்காரர் தரும் ‘கொத்துப் பராமரிப்பு’ வன்னியில் வரவே கூடாது. இங்கே ‘கொத்து’ என்றால் கொத்துக்குண்டு. ‘ஒருசேரப் பார்த்தல்’ போதும். அதிலும் நான்கைந்து வேலையை ஒரே மூச்சில் அடுக்கினால் பிள்ளை உலைந்துபோகும். இடையில் கைக்கூடு வைத்து ஆறவிடவேண்டும் என்று சேர்த்து எழுதுங்கோ.

சத்தத்துக்கு 45 டெசிபல் என்ற எல்லை தாதியருக்கு. தாய்க்கு அது பயன்படாது. ‘இன்கியூபேற்றருக்கு மேல் போத்தல் வைக்காதேங்கோ, கதவைக் கையால் தாங்கிச் சாத்துங்கோ’ என்றால் விளங்கும். பம்பர்ஸ் மாற்றும்போது காலைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பவேண்டும். தூக்கினால் இரத்தம் தலைக்கு ஏறும். பிறந்த முதல் 72 மணித்தியாலம் மூளையின் நுண்குழாய்கள் எளிதில் கசியும்.

—

தம்பி, சரி. நோவுக்குத் தனித்தலைப்பு. ‘உலைவு’ முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘நெருக்கீடு’ போடுவோம், தாதியருக்குப் பழகிய சொல் அது.