திருகோணமலையில் நீங்கள் போன பொது விரிவுரை, கருத்தரங்கு: இன்னும் மனத்தை அரிக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

உப்புவெளியான்:

மங்கள விளக்கு, வரவேற்புரை, பூச்செண்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். தலைப்பு 'அபிவிருத்தியில் மக்கள் பங்கேற்பு'. கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் நன்றாகவே பேசினார், அதை மறைக்க மாட்டேன். மூதூர்ப் பக்கம் சம்பூரில் வரவிருந்த அனல்மின் நிலையத்தை உதாரணமாக எடுத்தார். இந்தியாவோடு செய்த ஒப்பந்தம், பிறகு வந்த வழக்கு, 2016இல் திட்டம் கைவிடப்பட்டது, அதற்குப் பிறகு சூரிய மின்சாரத்தின் பக்கம் பேச்சு திரும்பியது என்று படிப்படியாக விளக்கினார். திரையில் ஒரு வரைபடம். அதில் ஊர் ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

கேள்வி நேரம் வந்ததும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஓர் ஐயா எழுந்தார். காலை மூதூர் பஸ்ஸில் வந்தவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதிலிருந்து காணி பெர்மிட்டை எடுத்து விரித்தார். மடிப்புக்கு மடிப்பு பிய்ந்து, பின்பக்கம் முழுவதும் செலோடேப் ஒட்டியிருந்தது. "2006இல் ஓடிப்போய் கிளிவெட்டி முகாமில் இருந்த நேரம்..." என்று தொடங்கினார். நெறியாளர் ஒலிவாங்கியை விரலால் இரண்டு தடவை தட்டினார். "ஐயா, கதை வேண்டாம். கேள்வியாகக் கேளுங்கள்."

ஐயா யோசித்தார். பரீட்சை மண்டபத்தில் இருக்கும் பிள்ளையைப் போல உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அப்படியென்றால் என்னிடம் கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, பையின் வாயில் இரண்டு முடிச்சுப் போட்டார். ஒலிவாங்கி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. ஐம்பது பேர் இருந்திருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பாலையூற்று அக்கா:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பேச்சாளர் ஆங்கிலம், எங்களுக்கு ஹெட்போனில் தமிழ். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து உரைபெயர்த்தவள் சின்னப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்காது. பேச்சாளர் 'லோக்கல் பொடீஸ்' என்று சொன்னது உள்ளூராட்சி மன்றங்களை. என் காதில் விழுந்தது 'உள்ளூர் உடல்கள்'. "உள்ளூர் உடல்களைப் பலப்படுத்த வேண்டும்", "உள்ளூர் உடல்கள் மக்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும்" என்று அரை மணி நேரம் போனது. பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வீதியோரம் நிற்பவர்களில் ஒருவர். அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மேசையில் வைத்துவிட்டு மீதி நேரம் முழுவதும் பேச்சாளரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர் இடைவேளையில் நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். "அந்தப் பிள்ளை பாவம், மூச்சுவிட நேரமில்லாமல் சொல்கிறாள்" என்றார்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

தம்பி உப்புவெளியான், நெறியாளரின் தலையில் பழியைப் போடுவது சுலபம். நானும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றரைக்கு முடிக்காவிட்டால் ஜும்ஆவுக்குப் பாதி மண்டபம் எழுந்துவிடும். முதலில் எழுந்தவர் 1977இலிருந்து தொடங்கினார். பதினெட்டு நிமிடம். பேச்சாளர் தண்ணீர்ப் போத்தலின் லேபிளை முழுதாக உரித்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து நானும் 'கேள்வியாகக் கேளுங்கள்' கட்சிதான்.

அந்த ஐயா வந்த இடமே பிழை. பேராசிரியரால் காணி கொடுக்க முடியாது. அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். அவருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'என் காணிக்கு என்ன நடந்தது' என்று எழுதினால் பதில் வராது. பெர்மிட் இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்த ஆண்டின் எந்தக் கோப்பு என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரக்கூடாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மூலப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் கொண்டு திரிவதும் நல்லதல்ல. நான்கு பிரதி எடுத்து, உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்தி, மூலத்தை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு மாணவி:

ஆலோசனைக்கு நன்றி ஐயா. இங்கே கேட்டது அனுபவம்.

எனக்கு வயது 23. வரவுப் பதிவுக்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மாகாண சபை முறைமை பற்றிய கருத்தரங்கு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், 1987, வடக்கு கிழக்கு இணைப்பு, அதைப் பிரித்த 2006 உயர் நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் உயர்தரத்தில் மனப்பாடம் செய்ததுதான், பாதித் தூக்கம். திடீரென்று பேச்சாளர், "மாகாண சபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். மாணவர்களில் ஒரு கையும் எழவில்லை. முதல் வரிசை விரிவுரையாளர்கள் உயர்த்தினார்களோ என்னவோ, நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பின்கதவில் தேநீர்த் தட்டோடு நின்ற அண்ணனை. தட்டை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"எந்த ஆண்டு?" என்று பேச்சாளர் கேட்டார்.

"2008இலும் போட்டேன், 2012இலும் போட்டேன் சேர். அடுத்தது எப்போது?"

மண்டபம் சிரித்தது. பேச்சாளர் சிரிக்காமல் பதில் சொன்னார்: 2017இல் சபையின் காலம் முடிந்தது, அதே ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது, பழைய முறையிலும் நடத்தவில்லை, புதிய முறையிலும் நடத்தவில்லை. அண்ணன் கையை இறக்க மறந்து முழுவதையும் கேட்டார். பிறகு தட்டை எடுத்தார். எனக்குக் கிடைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

சீனக்குடா:

நான் வீட்டிலிருந்தே போன விரிவுரை. 2022, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொது விவகாரப் பள்ளி இணையவழியில் நடத்தியது. தலைப்பு இலங்கையின் கடன். அங்கே மதியம் பன்னிரண்டு, இங்கே இரவு ஒன்பதரை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் எங்கள் ஊரின் 99 எண்ணெய்த் தாங்கிகளையும் பிரித்திருந்தார்கள்: 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு. தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற ஊரிலிருந்து ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். வாசித்தார்கள். 'ட்ரிங்கோமலி' என்றார் அந்த அம்மையார். பேச்சாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது முக்கியமான கேள்வி" என்று தொடங்கினார்.

மின்சாரம் போய்விட்டது.

பிறகு அவர்கள் ஏற்றிய காணொளியைத் தேடிப் பார்த்தேன். கேள்வி நேரத்தை வெட்டிவிட்டு உரையை மட்டும் போட்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

ரவுட்டருக்கு மட்டும் சின்னதாக ஒரு பற்றரி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. விலையும் பெரிதில்லை. நான் வீட்டில் எப்படிப் பொருத்தினேன் என்று படத்தோடு போடுகிறேன்.

உப்புவெளியான்:

ஐயா, பதினெட்டு நிமிடக்காரருக்குப் பிறகு நீங்கள் அப்படி ஆனது விளங்குகிறது. இவர் கால் நிமிடம்கூடப் பேசவில்லை. நீங்கள் எழுதிய சட்டம் எனக்கும் தெரியும், பயிற்சிப் பட்டறையில் சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் வாசல் மதகில் இருந்து, அவர்கள் கொடுத்த பற்றிஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.