ஏற்காட்டு வளைவுக்கு எலுமிச்சைச் சீரகம்: அம்மாயி கைப்பக்குவம் எனக்கு ஏன் வரவில்லை?

மலைவீட்டு மருமகள் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில். மகளுக்கு ஆறு வயது. மாதம் இரண்டு முறையாவது சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது தாண்டுவதற்குள் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிடும், பத்தாவதில் வாந்தி. பை, துண்டு, மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.

நான் பிறந்தது சேலம் அம்மாபேட்டையில். சின்ன வயதில் மே மாதம் கோடை விழா பார்க்க எங்களை ஏற்காட்டுக்குக் கூட்டிவருவார்கள். அடிவாரத்தில் பஸ் நின்றதும் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சுருக்குப்பையைத் திறப்பாள். உள்ளே ஒரு பழைய தைல டப்பா. அதிலிருந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை எங்கள் உள்ளங்கையில் வைப்பாள். "முழுங்காதே, கன்னத்தில அடக்கிக்கோ" என்பாள். முதலில் சுரீரென்று புளிப்பு, பிறகு உப்பு, அதெல்லாம் கரைந்தபின் சீரகம் மெல்ல மெல்ல வரும். மேலே ஏரி தெரியும்வரை அந்த மணம் வாயில் இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பாதையில் வாந்தி எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

சீரகத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் காயவைப்பாள் என்பது மட்டும் தெரியும். மொட்டை மாடியில் ஒரு மங்கு ஜாடி இருக்கும், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும், கீழே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் என் ஞாபகம். அம்மாயி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவைக் கேட்டால், "அவங்க பாட்டுக்குச் செய்வாங்க, நான் பக்கத்தில நின்னு பார்த்ததில்லை" என்கிறாள்.

போன ஐப்பசியில் நானே செய்து பார்த்தேன். 100 கிராம் சீரகம், நாலு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு. எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் பரப்பித் திண்ணையில் வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் வெள்ளைப் பூசணம். இரண்டாம் தடவை பயந்துபோய் வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறட்டினேன். பூசணம் வரவில்லை, ஆனால் மணமும் போய்விட்டது. கசப்புதான் மிச்சம். பிள்ளை ஒரு சிட்டிகை வாயில் போட்டதுமே துப்பிவிட்டாள்.

எத்தனை நாள் ஊற வேண்டும்? உப்பு எப்போது போடுவது? எந்தச் சீரகம் வாங்க வேண்டும்? இன்னொன்று, இங்கே காப்பியும் மிளகும் வருகிறதே, தொட்டியில் சீரகம் போட்டால் வருமா? செடியைப் பிள்ளைக்குக் காட்ட ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எடப்பாடி அக்கா எழுதுகிறார்:

கண்ணு, உன் கையில் குறை இல்லை. வீடு இருக்கிற இடமும் நீ செய்த மாதமும்தான் குறை. ஐப்பசியில் ஏற்காட்டில் துணியே காயாது, சாறு குடித்த சீரகம் எப்படிக் காயும்? உன் அம்மாயி அம்மாபேட்டை மொட்டை மாடியில் செய்தது பங்குனி, சித்திரை வெயிலாகத்தான் இருக்கும்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். சீரகத்தை முறத்தில் புடைத்துக் கல், தூசி எடுத்துவிடு. தண்ணீரில் கழுவாதே. மங்கு ஜாடியில் போட்டு, சீரகம் மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்று. விதை ஒன்றுகூட விழக்கூடாது, கசக்கும். இந்துப்பு இருந்தால் இந்துப்பு, இல்லாவிட்டால் கல்லுப்பைப் பொடித்து முதல் ஊறலிலேயே போட்டுவிடு. துணி கட்டி வெயிலில் வை. தினமும் இரண்டு தடவை காய்ந்த மரக்கரண்டியால் கிளறு. பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடு, பனி படக்கூடாது. சாறு முழுக்கச் சுண்டிச் சீரகம் உதிரியாக வந்ததும் மறுபடி சாறு ஊற்று, இந்த முறை நனைகிற அளவுக்குப் போதும். இப்படி மூன்று தடவை. கடைசியில் தட்டில் பரப்பி, பல்லில் வைத்தால் 'நறுக்'கென்று உடைகிறவரை காயவிடு. விரலில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

அலுமினியம், பித்தளை எதிலும் புளிப்பு போடாதே. எலுமிச்சை கோடையில் விலை ஏறிவிடும். பரவாயில்லை, வெயில் வேறு எப்போதும் கிடைக்காது.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் வைக்கிற செலவு (மசாலாச் சாமான்) ரசத்துக்கும் சீரகம்தான் தலை. வயிறு பழைய நிலைக்கு வர அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் எழுதுகிறார்:

அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். அக்கா சொன்ன பங்குனிக் கணக்கில் இன்னொரு காரணமும் இருக்கிறதுங்க. நாம் சாப்பிடுகிற சீரகம் பெரும்பாலும் குஜராத், ராஜஸ்தான் சரக்கு. நவம்பரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். குஜராத்தில் ஊஞ்சா என்ற ஊரில்தான் பெரிய சந்தை. அங்கிருந்து புதுச் சரக்கு நம் ஊருக்கு இறங்குவதும் நம் வெயில் ஏறுவதும் ஒரே சமயம். உங்கள் அம்மாயி வாங்கியது அப்போது வந்த புதுச் சீரகமாக இருந்திருக்கும். ஐப்பசியில் நீங்கள் வாங்கிய பாக்கெட் எத்தனை மாதம் கடையில் கிடந்ததோ!

வாங்கும்போது கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு நன்றாகத் தேயுங்கள். மணம் உடனே எழ வேண்டும். கை கறுத்தால் வேண்டாம், வைத்துவிடுங்கள். புல் விதைக்குக் கரித்தூள் பூசிக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023-ல் விலை தாறுமாறாக ஏறியபோது நான் ஒவ்வொரு மூட்டையையும் இப்படித் தேய்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள்.

கருஞ்சீரகம் வேறு குடும்பம், அதை இதற்குப் போடக்கூடாது. பெருஞ்சீரகம் என்பது நம் சோம்பு. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை என்று நினைக்காதீர்கள், சோம்பும் கொத்தமல்லியும் சீரகமும் ஒரே குடும்பம்தான். ஆனாலும் இதற்குச் சோம்பு சரிவராது.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். கல்யாணத்தில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் வைத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். எங்களுக்கு அதுதான் முகூர்த்த நேரம். அதற்கு வேண்டிய சீரகத்தை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்காமல் தானே உட்கார்ந்து பொறுக்குவார்.

நாகலூர் தோட்டம் எழுதுகிறார்:

தொட்டிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டு வருடம் பட்டிருக்கிறேன். கடைச் சீரகத்தையே விதைத்தேன். முளைத்தது. இலை நூல் மாதிரி அவ்வளவு மெல்லிசு, முழங்காலுக்குக்கூட வரவில்லை. பனிமூட்டம் ஒரு வாரம் விடாமல் நின்றது, எல்லாம் கருகி அழுகிவிட்டன. சீரகத்துக்குக் குளிர்ச்சி வேண்டும், கூடவே வறட்சியும் வேண்டும். மேகம் கவிந்து காற்றில் ஈரம் நின்றால் குஜராத் வயலிலேயே கருகல் நோய் வந்துவிடுகிறது. நம் மலையில் குளிர் இருக்கிறது, வறட்சி இல்லை. தை மாதம் சேலத்தில் அம்மா வீட்டுத் தொட்டியில் நாலு விதை போட்டுப் பாருங்கள். காய்க்காவிட்டாலும் பிள்ளை செடியைப் பார்ப்பாள்.

பழைய கிரேக்கத்தில் சீரகம் விதைக்கும்போது திட்டிக்கொண்டே விதைத்தால்தான் நன்றாக விளையும் என்று நம்பினார்களாம். தியோபிராஸ்டஸ் என்ற அறிஞர் 2,300 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செடியோடு மல்லுக்கட்டிய பிறகு அவர்கள் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

சித்த மருத்துவம் படித்தவள் எழுதுகிறேன்:

அக்கா சொன்ன மூன்று ஊறலுக்கு எங்கள் பாடத்தில் பாவனை என்று பெயர். சாறு ஊற்றி, உலர்த்தி, மறுபடி ஊற்றுவது. சீரகத்துக்குப் பித்தநாசினி, போசனகுடோரி என்றெல்லாம் பெயர் உண்டு. பித்தமும் சாப்பாடும் அந்தப் பெயர்களிலேயே இருக்கின்றன. சீர் + அகம் என்று பிரித்துச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல் ஜீரகத்திலிருந்து வந்தது.

வாணலியில் மணம் போனதற்குக் காரணம் அதன் எண்ணெய். சீரகத்தில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. ரசத்துக்கு வறுத்தால் அப்போதே சாப்பிட்டுவிடுகிறோம், சரி. மாதக்கணக்கில் வைக்கிற பொருளை அடுப்பில் உலர்த்தக்கூடாது. பூசணம் பிடித்ததைப் பொறுக்கியெடுத்துப் பயன்படுத்தவும் வேண்டாம், முழுக்கக் கொட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் குமட்டல் வயிற்றில் தொடங்குவதில்லை. உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ அசையாத முன்சீட்டையே பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல். அதனால் பிள்ளையை முன்பக்கமாக உட்காரவைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போன், புத்தகம் வேண்டாம். கிளம்பும்முன் இரண்டு இட்லி போதும். புளிப்பும் மணமும் வாய்க்கு இதமாக இருக்கும், கொடுங்கள். ஆனால் ஆறு வயதுக்கு முழுச் சீரகமாக வேண்டாம், வளைவில் குலுங்கும்போது புரையேறும். பொடித்து ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள். பயணம் இல்லாத நாளிலும் வாந்தி வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மலைவீட்டு மருமகள் (பங்குனி கடைசியில்):

எல்லாருக்கும் நன்றி. அம்மாபேட்டை மாடியிலேயே செய்தேன். செவ்வாய்ப்பேட்டையில் புதுச் சீரகம் கால் கிலோ, கையில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பரணில் அம்மாயியின் மங்கு ஜாடியே கிடைத்தது, விளிம்பில் சின்ன உடைசல், அவ்வளவுதான். காலையும் மாலையும் கிளறுவது அம்மா பொறுப்பு. மூன்றாம் ஊறல் காய்ந்த அன்று துணியை அவிழ்த்ததும் அம்மா ஜாடியை முகத்தருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுதான்டி" என்றாள்.

நேற்று மேலே வந்தோம். டிரைவருக்கு நேர் பின்சீட்டு, பொடி ஒரு சிட்டிகை. பதினாறாவது வளைவில் முகம் சுருங்கியது, ஆனால் வாந்தி இல்லை. போன வாரம் கீழே இறங்கும்போது கடைசிச் சீட்டுதான் கிடைத்தது, அன்றைக்கு எடுத்துவிட்டாள். அதனால் சீட்டு பாதி, சீரகம் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டியில் ஏழு செடி நிற்கிறது, இரண்டில் வெள்ளைப் பூ. பிள்ளை கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு "ரச வாசனை" என்றாள்.

எடப்பாடி அக்கா, செலவு ரசத்துக்கு அளவு சொல்கிறீர்களா? நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம்.