டபுள் ஏ சார்ஜர்: 2 பேட்டரி கட்டை ஏறுது, 2 ஏறமாட்டேங்குது. அவசரம்!!

ஃப்ரேம்குமார் | மாலை 6:42

வணக்கம் நண்பர்களே. கேமரா ஃப்ளாஷுக்குப் போடுற ரீசார்ஜபிள் செல் 4 இருக்கு. சார்ஜர்ல போட்டா ரெண்டுல சிவப்பு லைட் மினுக்குது, ஏறவே இல்ல. மத்த ரெண்டும் அரை மணி நேரத்துல பச்சை வந்துடுது, ஆனா ஃப்ளாஷ்ல போட்டா முப்பது நாப்பது தடவை அடிச்சதுக்கு மேல தாங்கல. சார்ஜர் போச்சா, செல் போச்சா? காலைல 6 மணி முகூர்த்தம். சீக்கிரம் யாராச்சும்.

ஓம்விதி | 6:49

என்ன செல்? கொள்ளளவு எத்தனை எம்ஏஎச்? சார்ஜர் பின்னாடி இன்புட், அவுட்புட்னு என்ன எழுதியிருக்கு? நாலு ஸ்லாட்டுக்கும் தனித்தனி லைட்டா, ரெண்டுக்கு ஒண்ணா? இது நாலும் தெரியாம எது சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

அதுவரைக்கும் ஒரு வேலை. மினுக்குற ரெண்டையும் பச்சை வந்த ஸ்லாட்டுக்கு மாத்திப் போடுங்க. மினுக்கல் செல்லோட போனா செல்லுல கோளாறு. ஸ்லாட்டுலயே நின்னா சார்ஜர்ல கோளாறு.

பட்டறைபாஸ்கர் | 6:53

காண்டாக்ட் அழுக்குதான் ப்ரோ, பத்துக்கு எட்டு கேஸ் அதுதான். செல்லோட ரெண்டு முனையையும் பென்சில் ரப்பரால அழுத்தித் தேய்ங்க. சார்ஜர் ஸ்பிரிங்குல பச்சை பூத்திருந்தா வினிகரை பஞ்சுல தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். காய்ஞ்ச பிறகு போடுங்க.

பழையரேடியோ | 6:58

தம்பி, இது மெமரி எஃபெக்ட். பாதி தீர்ந்ததுமே சார்ஜ் போட்டுப் போட்டு பழக்கியிருப்பீங்க. டார்ச்ல போட்டு பல்பு சுத்தமா அணையற வரைக்கும் எரிய விடுங்க. அப்புறம் போட்டா ஏறும்.

ஓம்விதி | 7:01

ஐயா, தயவுசெஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு மூணு செல்லை வரிசையா போட்டு அணையற வரைக்கும் எரிச்சா, முதல்ல தீர்ந்த செல்லுக்குள்ளயும் மத்த செல்லோட கரண்ட் வலுக்கட்டாயமாப் பாயும். ப்ளஸ் மைனஸ் புரண்டு அந்த செல் நிரந்தரமா கெடும். இறக்கணும்னா ஒவ்வொண்ணா, 0.9 அல்லது 1.0 வோல்ட்டோட நிறுத்தணும்.

வடலி | 7:04

தம்பி, சார்ஜருக்கு என்ன அடாப்டர் குத்தியிருக்கிறீங்கள்? யுஎஸ்பியாலே ஓடுறது எண்டால் அடாப்டர்தான் சிக்கல். மலிவுச் சார்ஜர் கனக்க, 5 வோல்ட்டை அப்பிடியே எடுத்து மிச்சத்தைச் சூடாக்கித்தான் பற்றரிக்குக் குடுக்கும். ஒரு ஸ்லாட்டுக்கு 500 மில்லி ஆம்பியர் எண்டால் நாலுக்கும் 2 ஆம்பியர் வேணும். பழைய ஃபோன்ரை 1 ஆம்பியர் அடாப்டரைக் குத்தினால் வோல்ட் விழும், உள்ளே இருக்கிற சிப் நிண்டு நிண்டு திரும்பத் தொடங்கும், லைட் மினுக்கும். ரெண்டு பற்றரியை மட்டும் போட்டுப் பாருங்கோ.

ஸ்பேனர்சாமி | 7:10

மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. மேல ஒட்டி வெச்சிருக்கிற இழையை ஒருத்தரும் படிக்கிறதில்ல. "ரீசார்ஜபிள் செல்"னா என்ன? நிக்கல் காட்மியமா, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா, லித்தியமா? சார்ஜர் ஒவ்வொண்ணையும் நிறுத்துற விதமே வேற. லேபிளைப் படிக்காம கட்டையைத் திணிச்சா சார்ஜர் மினுக்காம வேற என்ன செய்யும்.

ஃப்ரேம்குமார் | 7:22

மாத்திப் போட்டேன். மினுக்கல் செல்லோடயே போகுது. ரப்பர் போட்டுத் தேய்ச்சும் அப்படியேதான். அடாப்டர் 2 ஆம்பியர். நாலு ஸ்லாட், நாலு லைட். பின்னாடி "1.2 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், 4"ன்னு இருக்கு. மினுக்குறது ரெண்டும் கறுப்பு, மத்தது வெள்ளை.

லுமன் | 7:25

கறுப்பு, வெள்ளைன்னா என்ன கணக்கு தலைவா. மேல எழுதியிருக்கிறதை அப்படியே டைப் பண்ணுங்க.

ஃப்ரேம்குமார் | 7:31

வெள்ளை: 1.2 வோல்ட், 2000 எம்ஏஎச்.
கறுப்பு: 1.5 வோல்ட், 2600 எம்டபிள்யூஎச். அது புதுசு, பெரிய நம்பரா இருக்கேன்னு வாங்கினது.

ஓம்விதி | 7:38

விஷயம் முடிஞ்சது. உடனே கறுப்பு ரெண்டையும் சார்ஜர்லேர்ந்து எடுங்க.

அது நிக்கல் கட்டையே இல்ல. உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல், தலையில அதை 1.5-க்கு இறக்குற குட்டி சர்க்யூட். ஏத்துறதுக்கு 5 வோல்ட் வேணும். பக்கவாட்டுல டைப்-சி ஓட்டை இருந்தா ஃபோன் கேபிளைக் குத்தி ஏத்தலாம். ஓட்டை இல்லன்னா அதோட வர்ற தனிப் பெட்டியிலதான் ஏத்தணும். நிக்கல் சார்ஜர்ல வெச்சா முனையில அசையாம 1.5 வோல்ட் நிக்கிறதைப் பார்த்து, சாதா அல்கலைன் கட்டையைத் தவறி வெச்சுட்டாங்கன்னு சார்ஜர் மினுக்குது. அது கெடல, சரியாத்தான் வேலை செய்யுது. இந்தக் காவல் இல்லாத மட்டமான சார்ஜரா இருந்தா கரண்டைத் திணிச்சுக்கிட்டே இருந்திருக்கும்.

நம்பர் பெருசுன்னு நினைச்சதும் தப்புக் கணக்கு. எம்ஏஎச் கரண்ட் கணக்கு, எம்டபிள்யூஎச் அதை வோல்ட்டால பெருக்கின சக்திக் கணக்கு. 2600 எம்டபிள்யூஎச்சை 1.5-ஆல வகுத்தா 1733 எம்ஏஎச். வெள்ளையோட 2000 எம்ஏஎச்சை 1.2-ஆல பெருக்கினா 2400 எம்டபிள்யூஎச். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தீனிதான்.

லுமன் | 7:44

அதோட ஃப்ளாஷுக்கு அந்தக் கறுப்பை ஏத்தினாலும் போடாதீங்க. ஒரு அடி அடிச்சதும் கெப்பாசிட்டரை நிரப்ப ஃப்ளாஷ் பல ஆம்பியர் இழுக்கும். அந்த குட்டி சர்க்யூட் பெரும்பாலும் 2 ஆம்பியர் பக்கத்துலயே கையை விரிச்சுடும். ரெண்டு கறுப்பு ரெண்டு வெள்ளைன்னு கலந்து போடவே கூடாது. ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயசு, நாலும்.

ஃப்ரேம்குமார் | 7:50

ஓ. கலந்துதான் போட்டுட்டிருந்தேன். சரி, வெள்ளை ஏன் அரை மணியில பச்சை ஆகுது? மீட்டர்ல 1.41 காட்டுதே, ஃபுல்தானே?

ஓம்விதி | 8:02

சும்மா வெச்சு அளந்த வோல்ட்டை நம்பாதீங்க. செத்த கட்டையும் சார்ஜர்ல இருந்து எடுத்ததும் 1.4 காட்டும். லோடு கொடுத்து அளக்கணும்.

2.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்குங்க, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் சில்லறைக் காசு. செல்லோட ரெண்டு முனைக்கும் குறுக்கே அதைப் பிடிச்சு, அதே முனையில மீட்டரை வைங்க. அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல ஓடும். பத்து செகண்டுல எண் எங்க நிக்குதுன்னு பாருங்க. 1.2 பக்கம் நின்னா நல்ல செல். 1.1-க்குக் கீழ வழுக்கினா வயசாயிடுச்சு. 1.0-க்குக் கீழ போனா ஃப்ளாஷுக்கு ஆகாது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாம். ரெசிஸ்டர் சுடும், விரலால பிடிக்காதீங்க.

ஏன் சீக்கிரம் பச்சை வருதுன்னா: புது செல்லோட உள் தடை சில பத்து மில்லி ஓம்தான். பழசாகி 200 மில்லி ஓம் ஆச்சுன்னு வைங்க. 500 மில்லி ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையிலயே 0.1 வோல்ட் கூடுதலாத் தெரியும். செல் காலியா இருந்தாலும் சார்ஜர் கண்ணுக்கு நிறுத்த வேண்டிய வோல்ட்டைத் தாண்டிட்ட மாதிரி இருக்கும். நிரம்பிடுச்சுன்னு நினைச்சு நிறுத்திடும்.

பட்டறைபாஸ்கர் | 8:07

ரெசிஸ்டர் எதுக்கு, மீட்டரை 10 ஆம்பியர்ல வெச்சு நேரா செல்லுல தொட்டா எவ்வளவு கக்குதுன்னு தெரிஞ்சுடுமே.

லுமன் | 8:09

தெரியும், கூடவே மீட்டர் ஃப்யூஸும் போகும். நல்ல நிக்கல் செல் ஷார்ட்ல 10 ஆம்பியரைத் தாண்டிக் கொடுக்கும். அந்த வித்தை பழைய துத்தநாக-கார்பன் கட்டை காலத்தோட சரி.

பழையரேடியோ | 8:15

மெமரி எஃபெக்ட் இல்லவே இல்லைன்னு சொல்றவங்களுக்காக ஒண்ணு. நிக்கல் காட்மியத்துல அது உண்மையா இருந்தது. கார்ட்லெஸ் ஃபோன், ஷேவர் எல்லாம் அதுலதானே ஓடுச்சு.

ஸ்பேனர்சாமி | 8:19

இருந்தது ஐயா, நிக்கல் காட்மியத்துல. ஒவ்வொரு தடவையும் துல்லியமா ஒரே ஆழத்துக்கு இறக்கி ஏத்தினா வரும். வீட்டுல ஷேவர் ஓட்டுறவங்க அப்படி ஓட்டுறதே இல்ல. இங்கே கேட்டது ஹைட்ரைடு. பாடத்தை மாத்திப் படிக்காதீங்க.

பழையரேடியோ | 8:24

ஹைட்ரைடுலயும் அரைகுறையா ஏத்தினா வோல்ட் படிஞ்சு போறது உண்டு. பாடம் எனக்கும் தெரியும்.

ஓம்விதி | 8:31

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி பாதி சரி. ஹைட்ரைடுல லேசா வோல்ட் தாழும், அதுக்கு மருந்து 1.0 வரைக்கும் இறக்கி முழுசா ஏத்துறது, ஒரு தடவை ரெண்டு தடவை. நல்ல சார்ஜர்ல 'ரிஃப்ரெஷ்'னு இருக்கிற பட்டன் அதைத்தான் செய்யுது. மாசாமாசம் அழுத்த வேண்டியதில்ல, ஒவ்வொரு சுத்தும் செல்லோட ஆயுள்லதான் கழியும்.

வடலி | 8:36

ஆறுதலா ஏத்தினால் பற்றரி கன நாள் உழைக்கும் எண்டுதானே சொல்லுவினம். 500 கூடிப்போச்சு, 200-இலே ராமுழுக்க விட்டால் நல்லமில்லையோ?

ஓம்விதி | 8:52

அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. சார்ஜர் எப்படி நிறுத்துதுங்கறதைப் பொறுத்தது.

செல் நிரம்பினதும் அதுக்கு மேல போற கரண்ட் எல்லாம் சூடாத்தான் மாறும். சூடு ஏறினதும் வோல்ட் ஒரு உச்சியைத் தொட்டு, 3-லேர்ந்து 5 மில்லி வோல்ட் கீழ இறங்கும். அந்த இறக்கத்தைப் பிடிச்சு நிறுத்துறதுதான் மைனஸ் டெல்டா வி. 2000 எம்ஏஎச் செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியர்ல ஏத்தினா இறக்கம் தெளிவாத் தெரியும். 200-ல ஏத்தினா உச்சி மொண்ணையா இருக்கும், இறக்கமே தெரியாது. சார்ஜர் கோட்டை விட்டுட்டு விடியற வரைக்கும் வேக வெச்சுக்கிட்டே இருக்கும். அதனால மைனஸ் டெல்டா வி சார்ஜர்னா கொள்ளளவுல பாதி கரண்ட் வைங்க, மூணுல ஒரு பங்குக்குக் கீழ இறங்காதீங்க.

200-தான் வேணும்னா நேரக் கணக்கு இருக்கிற சார்ஜரா இருக்கணும். பத்துல ஒரு பங்கு கரண்ட், 16 மணி நேரம். 10 மணி போதாதான்னு கேட்பீங்க, அவ்வளவு மெதுவா ஏத்தும்போது ஒரு பகுதி வீணாகும், அதான் கூடுதல். ஐஇசி 61951-2ங்கற சர்வதேசத் தரமே கொள்ளளவை இப்படி ஏத்தித்தான் அளக்கச் சொல்லுது: 16 மணி ஏத்தி, ஆறவெச்சு, ஐந்துல ஒரு பங்கு கரண்ட்ல 1.0 வோல்ட் வரைக்கும் இறக்கணும். மஹா சி9000 சார்ஜர்ல 'பிரேக் இன்'னு இருக்கிறது இதுதான். ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைய ஆகும். சோர்ந்த செல்லை எழுப்பிப் பார்க்க அதுதான் கடைசி முயற்சி.

லுமன் | 9:01

திரையில எம்ஏஎச் காட்டுற சார்ஜர் வெச்சிருக்கிறவங்களுக்கு: ஏத்தும்போது வர்ற எண் உள்ளே போனது, செல்லோட கொள்ளளவு இல்ல. 2000 செல்லுல 2300 போச்சுன்னு காட்டினா ஆச்சரியப்பட வேண்டாம். 'டெஸ்ட்' மோடுல இறக்கும்போது வர்ற எண்தான் நிஜம். மில்லி ஓம் காட்டுறது ஸ்லாட் ஸ்பிரிங்குல எப்படி உக்காந்திருக்குங்கறதைப் பொறுத்தே ஆடும், மூணு தடவை எடுத்துப் போட்டுச் சின்ன எண்ணை எடுத்துக்குங்க.

ஃப்ரேம்குமார் | 9:14

கறுப்பை ஓரமா வெச்சுட்டேன். ரெசிஸ்டர் பக்கத்து ரேடியோ ஷாப்ல கிடைச்சது. வெள்ளை ஒண்ணு 0.93, இன்னொண்ணு 0.81. புதுசு 4 வாங்கிட்டேன், 2000 எம்ஏஎச்தான். இப்பவே சார்ஜ் போடணுமா?

ஓம்விதி | 9:17

போடுங்க. சும்மா வெச்சா அதிகம் வடியாத வகைன்னா கடையிலேயே ஓரளவு ஏத்தித்தான் விக்கிறாங்க, ஆனா முகூர்த்தத்துக்கு அதை நம்பி நிக்க வேண்டாம். உங்க சார்ஜர்ல வேற வழியில்ல, 500-தான், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். செட்டாப் பாக்ஸ் மேலயோ ஃப்ரிட்ஜ் தலையிலயோ வைக்காதீங்க, 45 டிகிரியைத் தாண்டினா சரியா ஏறாது. முடியும்போது தொட்டா வெதுவெதுன்னு இருக்கலாம், கையைச் சுடக் கூடாது. நாலுலயும் மார்க்கரால ஒரே எழுத்தை எழுதி வைங்க, செட் கலையாது. அல்கலைன் 4 கைப்பையில கிடக்கட்டும்.

ஸ்பேனர்சாமி | 9:20

லேபிளையும் படிங்க.

ஃப்ரேம்குமார் | 9:21

ஓகே நன்றி எல்லாருக்கும்

மைனா_திருச்சி | மறுநாள் காலை 10:05

என்கிட்ட ரெண்டு செல் சார்ஜர்ல வெச்சா லைட்டே வரல, மினுக்கல்கூட இல்ல. வெள்ளை 1.2 வோல்ட்தான், லேபிள் படிச்சுட்டேன் சாமி அண்ணே. மீட்டர்ல 0.4.

ஓம்விதி | 10:18

0.8-க்குக் கீழ போன செல்லைப் பல சார்ஜர் செல்லுன்னே கணக்குல எடுத்துக்காது. நல்லா ஏறின இன்னொரு நிக்கல் செல்லை எடுத்து, ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து வயரால அஞ்சு நிமிஷம் பிடிங்க. 1.0-ஐ தாண்டினதும் சார்ஜர்ல வைங்க. சூடேறினா உடனே விட்டுடுங்க. லித்தியத்துல இதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீங்க. அப்படி எழுப்பி ஏத்தின செல் ரெண்டு நாள் சும்மா வெச்சதுலயே 1.25-க்குக் கீழ விழுந்தா, பேட்டரிக் கழிவு வாங்குற இடத்துல கொடுத்துடுங்க, குப்பைத் தொட்டியில போடாம.

பழையரேடியோ | 10:40

இதையே நான் டார்ச் பல்பு வெச்சு

ஸ்பேனர்சாமி | 10:41

ஐயா.

பட்டறைபாஸ்கர் | 11:30

குமார் ப்ரோ, அந்தக் கறுப்பு 1.5 வோல்ட் ரெண்டையும் கொடுக்கிறீங்களா? கதவு ஸ்மார்ட் லாக்குக்கு வேணும். டைப்-சி ஓட்டை இருக்கா?

லுமன் | 11:36

லாக்குக்குப் போடுறப்ப பார்த்துக்குங்க பாஸ். அது தீருற வரைக்கும் 1.5-லயே நின்னுட்டு சட்டுன்னு பூஜ்யம் ஆகும், 'பேட்டரி லோ' எச்சரிக்கை பெரும்பாலும் வராது. வெளியில நிக்கணும்.