டாய் ஸ்டோரி திகில் குறும்படம்: ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

ஈசூன் அம்மா:
தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். ‘டாய் ஸ்டோரி ஆஃப் டெரர்’ போடச் சொல்கிறார்கள். என் மகள் லிஃப்டில் விளக்கு மங்கினாலே கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

தெம்பனிஸ் மாமி:
தாராளமாகப் போடும்மா. 2013-இல் வந்தது, அரை மணி நேரம்கூட இல்லை. பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுமியும் அவள் அம்மாவும் காரில் போகும்போது டயர் பஞ்சராகி வழியோர மோட்டலில் தங்குவார்கள். பொம்மைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இழுத்துப் போவது ஓர் இகுவானா, அதாவது பெரிய பல்லி. மோட்டல் மேனேஜர் பொம்மைகளை இணையத்தில் விற்கிறார், அவ்வளவுதான் மர்மம்.

உன் மகள் பார்க்கவேண்டியது ஜெஸ்ஸி என்ற கௌகேர்ள் பொம்மையை. ‘டாய் ஸ்டோரி’ இரண்டாம் படத்தில் பெட்டிக்குள் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவள் அவள். பெட்டி என்றாலே மூச்சு முட்டும். இங்கே நண்பர்களைக் காப்பாற்ற அதேபோல் ஒரு பெட்டிக்குள் போயாக வேண்டும். நடுங்கிக்கொண்டேதான் போகிறாள்! பயம் போன பிறகு அல்ல, பயத்தோடேயே. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூரோங் தம்பி:
மாமி சொல்வது சரி. இருட்டுக் காட்சிகளில் சத்தத்தை மட்டும் குறைத்துவிடுங்கள் அக்கா, இசைதான் திடுக்கிட வைக்கும். முள்ளெலி பொம்மை திகில் பட உத்திகளை விளக்குவது பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஈசூன் அம்மா:
நன்றி மாமி, தம்பி. பகலிலேயே போடுகிறேன்.