கண்காட்சிக்கு மூன்றே வாரம், படத்தில் மங்கல் திட்டுகள்

வணக்கம். வேலை முடிந்த இரவுகளில் ஆயில் பெயின்டிங் பழகி ஆறு வருடமாகிறது. இரண்டு போட்டிகளில் முதல் சுற்றோடு சரி. இப்போதுதான் முதல்முறையாக ஒரு குழுக் கண்காட்சிக்குப் படம் தேர்வாகியிருக்கிறது.

சந்தோஷப்படுவதற்குள் சிக்கல். பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு நிறம்) பூசிய இருட்டுப் பகுதிகள் மட்டும் பளபளப்பு போய் வெளிறிக் கிடக்கின்றன. (அடிப்பூச்சில் பெயின்டை இளக்கும் டர்பன்டைன் அதிகமாகிவிட்டது, என் தப்புதான்.) வரைந்து முடித்து இரண்டு மாதம்தான், படத்தைப் பாதுகாக்கப் பூசும் கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது தெரியும்.

ரீடச் வார்னிஷ் (கடைசி வார்னிஷுக்கு முன் தற்காலிகமாகப் பூசுவது) மெல்லிசாக அடிப்பதா, இல்லை மங்கிய இடத்தில் மட்டும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிடுவதா? எண்ணெய் பின்னால் மஞ்சளாகுமே என்று பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

அப்புறம், போட்டியில் ஏன் தேறவில்லை என்று நடுவர்களிடம் கேட்கலாமா, தப்பாக நினைப்பார்களா?