சத்தமாக யோசிக்கச் சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், எங்கே தப்பு?

நூல்கண்டு:
எம்.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம், சமூக சுகாதாரம். திருப்பூர் பக்கம் ஒரு சுகர் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் தமிழ் வடிவம் எப்படிப் புரிகிறது என்று பார்க்கிறேன். மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகள், எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, 'இல்லவே இல்லை'யில் தொடங்கி 'கிட்டத்தட்ட தினமும்' வரை நான்கு பதில்கள். பதிலைத் தேடும்போதே மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லவைத்துப் பதிவு செய்வதுதான் முறை. 15 பேர் என்று திட்டம், 8 பேர் முடிந்துவிட்டது, ரெக்கார்டரில் பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம்தான் இருக்கிறது. ஒன்றை அப்படியே போடுகிறேன்:

நான்: மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே சொல்லுங்கம்மா.
அம்மா: சில நாள்னு போட்டுக்க கண்ணு.
நான்: ஏன் சில நாள்னு சொல்றீங்க?
அம்மா: தப்பா கண்ணு? அப்ப நீயே பார்த்து ஒண்ணு போட்டுக்க.

நிறையப் பேருக்குப் படிக்க வராது, அதனால் கேள்வியை நானே வாசிக்கிறேன். கைடு இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள் என்கிறார். இதே மாதிரி ஐந்து பேரைச் சேர்த்து என்ன ஆகப் போகிறது? நான் சொல்லும் விதம் தப்பா, இல்லை இந்த முறையே இவர்களுக்கு ஒத்துவராதா?

டஸ்டர்:
உங்கள் 'ஏன்'தான் தப்பு. அந்த அம்மா அதை வாய்மொழித் தேர்வாக எடுத்துக்கொண்டார், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் வரும் கதைக் கணக்குகளை எப்படிப் போடுகிறார்கள் என்று இதே முறையில் பார்த்தவன், முதல் பத்து நாள் நானும் இதையேதான் செய்தேன். 'ஏன் பெருக்கினாய்?' என்று கேட்டதும் பையன் அழிப்பானைத் தேடினான்.

உளவியல் ஆய்வாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980-இல் இந்த முறைக்கு ஒரு கோட்பாடு எழுதியபோதே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் நினைவில் இருப்பதை வெளியே சொல்வது வேறு, அதற்கு விளக்கம் சொல்வது வேறு. 2011-இல் ஃபாக்ஸ், எரிக்சன், பெஸ்ட் மூவரும் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததிலும் இதுதான் வந்தது: சும்மா சொல்லிக்கொண்டே செய்தால் நேரம் கொஞ்சம் கூடும், திறன் மாறாது, ஆனால் விளக்கச் சொன்னால் செய்கிற வேலையே மாறிவிடும். அதனால் நடுவில் நீங்கள் பேசவேண்டியது ஒன்றே ஒன்றுதான், 'சொல்லிட்டே இருங்க'. 'என்ன நினைக்கிறீங்க' கூட வேண்டாம், அதுவும் ஒரு கேள்வி.

அப்புறம் பழக்காமல் நேரே கேள்விக்குப் போகாதீர்கள். இந்த முறையைச் சொல்லித்தரும் புத்தகங்களில் வரும் பயிற்சி 'உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்?' என்பது. மனதுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து எண்ணுவார்கள், அதைச் சொல்லவைக்கலாம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை சட்டென்று 'ஒண்ணு' என்று முடித்துவிட்டது. இருப்பதே ஒன்றுதான். உங்கள் ஆட்களுக்கு, நாளைக்குப் பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் நீங்களே வேறு ஏதாவது ஒரு விஷயத்தை வாய்விட்டு யோசித்துக் காட்டுங்கள், கேள்வித்தாளில் இருப்பதை வைத்துக் காட்டினால் உங்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மோர்மிளகாய்:
இது நம் ஊர் ஆட்களுக்குச் சரிவராதுங்க. 2002-இல் ஹீஜங் கிம் என்பவர் காட்டியிருக்கிறார், பேசிக்கொண்டே புதிர் போடச் சொன்னால் ஆசியர்களுக்குத் திறன் குறைகிறது, வெள்ளைக்காரர்களுக்குக் குறைவதில்லை. பேசாமல் முறையை மாற்றுங்கள்.

டஸ்டர்:
அந்த ஆய்வில் இருந்தது அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் கிழக்காசிய வம்சாவளி மாணவர்கள், செய்தது படப் புதிர். அதைக் கொண்டுவந்து சுகர் கிளினிக் வரிசையில் நிற்கிற அம்மா தலையில் எப்படிக் கட்டுவது? ரேஷன் கடையில் பாக்கிச் சில்லறையைத் தனக்குத்தானே பேசிக் கணக்குப் பார்க்காத ஆள் யார் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய் இருக்கிறது, வெள்ளைக்கோட்டு முன்னால்தான் திறக்காது.

கள்ளிப்பெட்டி:
சர்வே வேலை பார்க்கிறவள். டஸ்டர் சொன்னது கணக்குக்கு முழுக்கச் சரி, கேள்வித்தாளுக்குப் பாதிதான் சரி. கணக்கில் நான்கைந்து படி இருக்கும், பேச விஷயம் இருக்கும். 'சோர்வாக இருந்ததா' என்ற கேள்விக்கு ஒரே நொடியில் பதில் வந்துவிடும், அதில் சொல்ல என்ன இருக்கிறது? அதனால்தான் இந்தத் துறையில் பதில் வந்த பிறகு துருவிக் கேட்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். அதுவும் நீங்கள் வாசித்து அவர் கேட்கிறார் என்றால், கேட்டுக்கொண்டே பேசவும் முடியாது. வாசித்து முடியுங்கள், யோசிக்கும்போது பேச விடுங்கள், பதில் வந்ததும் துருவுங்கள்.

எதைத் துருவுவது என்பதற்கு சர்வே ஆய்வாளர் டூரன்ஜோ (Tourangeau) 1984-இல் சொன்ன நான்கு படிகள் போதும். கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவைத் தேடுவது, எடைபோடுவது, கிடைத்ததை நான்கு பதில்களில் ஒன்றில் பொருத்துவது. 'இந்தக் கேள்வியை உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட எப்படிக் கேட்பீங்க?' 'ரெண்டு வாரம்னு சொன்னதும் எந்த நாள்ல இருந்து நினைச்சீங்க?' இப்படி. 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற நினைப்பைப் பற்றியது. ஒருவர் அதைச் சத்தமாக யோசிக்க ஆரம்பித்தால் நீங்கள் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டு 'சொல்லிட்டே இருங்க' என்று உட்கார்ந்திருக்க முடியாது. அன்றைக்கே யாரிடம் கூட்டிப்போவது என்று கிளினிக்கிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் முன்கூட்டியே பேசி வையுங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஆய்வுக்கு அனுமதி தந்த எத்திக்ஸ் கமிட்டியில் இதைக் கேட்கவில்லையா?

நூல்கண்டு:
கேட்டார்கள், எழுதியும் கொடுத்திருந்தேன், ஆனால் ஆள் பெயர் இல்லாமல் 'மனநல மருத்துவரிடம் பரிந்துரைக்கப்படும்' என்று ஒரு வரி. இப்போது பேசி வைத்துவிட்டேன்.

இன்னொரு தொல்லை, மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று அவர்களே பதில் சொல்கிறார்கள்.

கள்ளிப்பெட்டி:
டீ வாங்கிவர அனுப்புங்கள். சிரிக்க வேண்டாம், நான் பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

நூல்கண்டு (ஒன்பது நாள் கழித்து):
நான்கு பேரிடம் மறுபடி செய்தேன், எல்லாரும் புது ஆட்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, சமையல் பயிற்சியில் ஆரம்பித்தேன். ஒரு அம்மா பத்துப் பேருக்கு அரிசிப் படியில் ஆரம்பித்து, 'அதுல ரெண்டு பேரு சுகர்காரங்கன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் அம்மிணி' என்று தானாகவே போய்க்கொண்டிருந்தார், நிறுத்தத்தான் கஷ்டமாக இருந்தது.

இனிதான் விஷயம். ஐந்தாவது கேள்வி, பசியின்மை அல்லது அதிகமாகச் சாப்பிடுவது. மூன்று பேர் 'கிட்டத்தட்ட தினமும்' என்றார்கள். சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டால், 'டாக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னாரு, அதான் தினமும் கம்மியாத்தான் திங்கறேன்'. பசி நன்றாகவே இருக்கிறது! தூக்கத்துக்கும் இதே கதை, ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதைக் கணக்கில் வைக்கிறார்கள். இந்த இரண்டிலேயே 27-க்கு 6 மதிப்பெண் ஏறிவிடுகிறது. பழைய 8 பேரிலும் சாப்பாட்டுக்கு நிறையப் பேர் தினமும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், காரணம்தான் என்னிடம் இல்லை. இரண்டு வாரத்தை ஒரு தாத்தா 'போன சந்தைக்கு முந்தின சந்தையில இருந்து' என்று எண்ணினார், அது சரியாகவே வந்தது.

அந்த 8 பேரை என்ன செய்வது? கேள்வியின் வாசகத்தை நானே மாற்றலாமா?

கள்ளிப்பெட்டி:
8 பேரை முதல் சுற்று என்று தனியாக எழுதுங்கள், எப்படிக் கேட்டீர்கள், எங்கே பிசகியது என்பதோடு. இந்த வேலையே சுற்றுச் சுற்றாகச் செய்வதுதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் புதிய நால்வரோடு சேர்த்து 12 பேர் என்று ஒன்றாக எண்ணாதீர்கள், கேட்ட விதம் வேறு. வாசகத்தை மாற்ற வேண்டாம். பிஎச்க்யூ-9-ஐப் பயன்படுத்த அனுமதி தேவையில்லை என்பதால் கை அரிக்கும், ஆனால் நீங்கள் மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். அந்தச் சோற்று வரி ஒன்று போதும்.

டஸ்டர்:
மௌனத்தையும் எழுதுங்கள், எத்தனை நொடி என்று. எந்தக் கேள்வியில் எல்லாரும் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

நூல்கண்டு:
எட்டாவது. மெதுவாக நடப்பதையும் நிலைகொள்ளாமல் அலைவதையும் ஒரே கேள்வியில் கேட்கிறது. பதினொரு நொடி கழித்து அந்தத் தாத்தா, 'ரெண்டுல எது அம்மிணி?'