புதுப்பிப்பு: பேருந்து நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர் நடைதூரம் – பஃபர் சிக்கல் தீர்ந்தது
உதவியவர்களுக்கு நன்றி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், நிறுத்தத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வட்டம் போடும் பஃபர் கருவிக்கு 400 கொடுத்தால் வட்டம் வரைபடத்தையே விழுங்குகிறது என்று கேட்டிருந்தேன். நிறுத்தங்கள் இருந்த லேயர் (வரைபட அடுக்கு), இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரிகளில் குறிக்கும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் இருந்ததால், 400 மீட்டர் 400 டிகிரியாகிவிட்டது. 'ரீப்ரொஜெக்ட் லேயர்' மூலம் அந்தப் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு (மீட்டரில் அளக்கும் ஆய முறை) மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. 'செட் லேயர் சிஆர்எஸ்' உதவாது. அது ஆய முறையின் பெயரை மட்டுமே மாற்றும், இடங்களைக் குறிக்கும் ஆய எண்களைத் தொடாது.

எதிர்பாராதது: ரயில் பாதைக்கு அப்பால், நடந்தே போக முடியாத வீடுகளும் வட்டத்துக்குள் வந்தன. சாலை வழியே எதுவரை போகலாம் என்று காட்டும் 'சர்வீஸ் ஏரியா' கருவியில் சாலைவழித் தூரம் கொடுத்ததும் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. முதலில் சில தெருக்கள் விடுபட்டன, காரணம் சந்திப்புகளில் சாலைக் கோடுகளுக்குப் பொதுப் புள்ளி இல்லை. அங்கே கோடுகளை உடைத்ததும் சரியானது. மேம்பாலம் வேறு சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் உடைக்காதீர்கள், இல்லாத வழி திறந்துவிடும்.

பொதுமக்கள் கூட்டத்தில் காட்டும் வரைபடத்தில் '400 மீட்டர்' என்பதைவிட 'சுமார் 5 நிமிட நடை' என்பதே புரிகிறது.